கெட்டவர் என்று தெரிந்தும் அவர் பக்கம் நிற்பது ஏன்?

குன்னூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், வேறு எதற்கோ பதில் எழுதிவிடக் கூடாது. ‘பிரேக்கிங் பேட்’ என்கிற அமெரிக்கத் தொடரின் இரண்டாம் சீசனில் ஜேன் என்கிற பெண் போதையில் வாந்தியெடுத்து, மூச்சுமுட்டிச் சாகிறாள். புற்றுநோய் வந்தபின் போதைப்பொருள் தயாரிப்பில் இறங்கிய வேதியியல் வாத்தியார் வால்டர் வைட்தான் கதாநாயகன். பக்கத்திலேயே நிற்கும் அவர் அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தாலே பிழைத்திருப்பாள். அவர் செய்யவில்லை. அதைப் பார்த்த பிறகும், இவர் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்றுதான் உங்களுக்குப் பதறியிருக்கிறது. அவருடைய மனைவி ஸ்கைலர் திரையில் வந்தாலே எரிச்சல். இன்னொரு பக்கம் உங்கள் அம்மா, ‘எதிர்நீச்சல்’ சீரியலில் மருமகள்களை ஆட்டிவைக்கும் ஆதி குணசேகரனை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே ஒருநாள் விடாமல் பார்த்தவர். “இந்த மாதிரி ஆளுங்களைப் பிடிக்குதுன்னா உங்க ரெண்டு பேர் மனசுலயும் ஏதோ கோளாறு” என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அது உண்மையா என்கிறீர்கள்.

வால்டர் செய்தது தப்பு என்பதில் உங்களுக்குச் சந்தேகமே இல்லை. தெரிந்தும் ஏன் அவர் பக்கம் நிற்கிறேன் என்பதுதான் உங்களை உறுத்துகிறது. அது உங்கள் குணத்தைவிட அந்த எபிசோடை வெட்டி ஒட்டிய விதத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது என்பது என் பதில். அப்புறம், நீங்களும் அம்மாவும் செய்வது ஒரே காரியம் இல்லை. அதைக் கடைசியில் பார்ப்போம்.

நான் சென்னையில் பல வருடம் சீரியல் எடிட்டராக இருந்தவன். இப்போது கோத்தகிரிப் பக்கம் இருக்கிறேன். எந்த முகத்தை எத்தனை நொடி வைத்தால் பார்ப்பவர் யார் பக்கம் சாய்வார் என்பது என் தொழில், அதைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். இப்படிப் பார்த்துப் பார்த்து ஒருவருடைய மனசு பத்து வருடத்தில் மாறுமா என்பது எடிட் அறைக்கு வெளியே உள்ள விஷயம். அங்கே வரும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன்.

முதல் சீசனுக்குப் போங்கள். அங்கே இரண்டு சாவு அடுத்தடுத்து வருகிறது. எமிலியோ என்கிறவன் ஆரம்பத்திலேயே வால்டர் கையால் செத்துப்போகிறான். பிணத்தை அமிலத்தில் கரைக்க வேண்டும், அதற்குப் பிளாஸ்டிக் தொட்டி வாங்கி வா என்று தன் கூட்டாளி ஜெஸ்ஸியிடம் வால்டர் படித்துப் படித்துச் சொல்கிறார். இவன் வீட்டுக் குளியல் தொட்டியிலேயே ஊற்றிவிடுகிறான். அமிலம் தொட்டியை அரித்து, தரையை அரித்து, எல்லாம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கீழே விழுகிறது. அந்த நேரத்தில் நீங்கள் என்ன நினைத்தீர்கள்? “அட பாவி, சொன்னதைக் கேட்டிருக்கலாமே” என்றுதானே? ஒரு மனிதனைக் கரைக்கிறார்களே என்று யாரும் நினைப்பதில்லை. எமிலியோவுக்கு ஒரு அம்மா அப்பா இருப்பார்களா, அவனுக்கு என்ன பிடிக்கும், எதுவும் நமக்குத் தெரியாது. ஒரு வேலையோடு மல்லுக்கட்டுகிற ஆளைக் காட்டினால், அந்த வேலை எவ்வளவு அசிங்கமானதாக இருந்தாலும் அது முடிய வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்ளும். இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை, சீரியல்களில் தினம் தினம் பயன்படுத்திய வித்தை.

இரண்டாவது ஆள் கிரேஸி எய்ட். அவனையும் கொன்றாக வேண்டும், அடித்தளத்தில் கட்டிப்போட்டிருக்கிறார்கள். ஆனால் இந்த முறை தொடர் அவனுக்கு நேரம் கொடுக்கிறது. வால்டர் அவனுக்கு ஓரம் நறுக்கிய சாண்ட்விச் கொண்டுபோய்க் கொடுக்கிறார். இருவரும் பேசுகிறார்கள். அவனுடைய அப்பாவின் ஃபர்னிச்சர் கடையில்தான் வால்டர் தன் மகனுக்குத் தொட்டில் வாங்கினார் என்று தெரியவருகிறது. அவனை விட்டுவிடலாம் என்று வால்டர் முடிவே பண்ணிவிடுகிறார், நாமும்தான். அப்புறம்தான் குப்பைக்கூடையில் கிடந்த உடைந்த தட்டின் சில்லுகளை ஒன்றுசேர்த்துப் பார்க்கிறார், கத்தி மாதிரியான ஒரு சில்லு மட்டும் இல்லை. அவன் அதை ஒளித்து வைத்திருக்கிறான். அதற்கப்புறம் நடக்கும் கொலை உங்களுக்கு வலித்திருக்கும், சத்தியமாக வலித்திருக்கும். இரண்டுமே போதைக் கும்பல் ஆட்கள்தான், இரண்டுமே அதே கைகளால் நடந்த கொலைதான். வித்தியாசம் அந்தச் சாண்ட்விச்சும் தொட்டிலும் மட்டும்.

இப்போது ஜேன், ஜெஸ்ஸியின் காதலி. அந்த எபிசோட் வெளியானது 2009இல். சாவுக்கு முன்னால் என்னென்ன அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வால்டருக்கு மகள் பிறந்திருக்கிறாள். குழந்தை பால் கக்கினால் மூக்கில் ஏறிவிடக் கூடாதென்று, துணியைச் சுருட்டி முதுகுக்கு அணை கொடுத்து ஒருக்களித்துப் படுக்க வைக்கிறார். அப்புறம் ஒரு மதுக்கடையில் முன்பின் தெரியாத ஒருவரோடு பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறார், அவர்தான் ஜேனின் அப்பா என்பது வால்டருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அங்கிருந்து நேராக ஜெஸ்ஸி வீடு. ஜெஸ்ஸியை எழுப்புவதற்காக உலுக்கும்போதுதான் ஜேன் மல்லாந்து புரளுகிறாள். வாந்தி வந்ததும் வால்டர் கட்டிலைச் சுற்றி ஓடுகிறார், கையும் நீள்கிறது, அப்படியே நிற்கிறது. அதற்கப்புறம் கேமரா யாரைப் பார்க்கிறது? சாகிறவளைவிட அதிகமாக, நிற்கிறவரை. அவர் வாயைப் பொத்துகிறார், கண் கலங்குகிறது, பிறகு முகம் இறுகுகிறது. அந்த நேரத்தில் தன் சொந்த மகளின் முகம் கண்ணுக்குத் தெரிந்தது என்று வால்டராக நடித்த பிரையன் கிரான்ஸ்டன் பின்னால் பேட்டிகளில் சொன்னார். அந்தக் கண்ணீர் நடிப்பையும் தாண்டியது.

ரஷ்யாவில் குலேஷோவ் என்று ஒருவர், சுமார் நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு பரிசோதனை செய்தார். ஒரு நடிகரின் உணர்ச்சியில்லாத ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப்போடும், ஒரு சவப்பெட்டியோடும், ஒரு பெண்ணோடும் மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் பசி, துக்கம், ஆசை என்று மூன்று விதமாகப் படித்தார்களாம். எடிட்டிங் வகுப்பில் முதலில் சொல்லித்தரும் பாடம் இது. ஜேன் காட்சியில் உங்கள் பதற்றத்தையும் அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். ஜேனின் நெஞ்சு ஏறி இறங்குவதையும் அவள் விரல்களையும் இடையிடையே வெட்டி வைத்திருந்தால் நீங்கள் எழுந்து நின்று கத்தியிருப்பீர்கள். அவர்கள் நிற்கிறவரின் உள்ளே உங்களை உட்கார வைத்தார்கள். உள்ளே உட்கார்ந்தபின் வெளியே வருவது அவ்வளவு சுலபம் இல்லை, அதனால்தான் அடுத்த எபிசோடில் அவரோடு சேர்ந்து நீங்களும் பயந்தீர்கள். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: தொடர் ஜேனை மறக்கவில்லை. அவளுடைய அப்பா விமானக் கட்டுப்பாட்டு வேலையில் இருப்பவர், துக்கத்தில் தவறு நேர்ந்து இரண்டு விமானங்கள் வானத்தில் மோதுகின்றன. அவள் சாவதைப் பார்த்துக்கொண்டு நின்றதும் ஐந்தாம் சீசனில் ஜெஸ்ஸியிடம் வால்டர் வாயாலேயே வெளிவருகிறது. கணக்கை மூடாமல் வைத்திருந்தார்கள், அதனால் அந்தக் காட்சியை நான் நேர்மையானது என்பேன்.

இந்த வழியைத் திறந்துவிட்டது 1999இல் வந்த ‘தி சோப்ரானோஸ்’ என்கிற அமெரிக்க மாஃபியா தொடர். அதில் ஐந்தாவது எபிசோடிலேயே, மகளைக் கல்லூரி பார்க்கக் கூட்டிப்போன அப்பா, நடுவில் போய் ஒருவனைக் கழுத்தை இறுக்கிக் கொன்றுவிட்டு வருகிறார். இதைச் செய்தால் ஜனங்கள் கதாநாயகனை வெறுத்துவிடுவார்கள் என்று சேனல்காரர்களுக்குப் பயம். செய்யாவிட்டால்தான் அவனை நம்ப மாட்டார்கள் என்று தொடரை உருவாக்கிய டேவிட் சேஸ் பிடிவாதமாக நின்றார். கடைசியில் சாகிறவனையும் கொஞ்சம் கெட்டவனாகக் காட்டி சமரசம் செய்துகொண்டார்கள். இந்தச் சமரசத்தை எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்ளுங்கள், நம் சீரியல்களிலும் நிறைய உண்டு.

ஸ்கைலர் விஷயம் கொஞ்சம் கசப்பு. அவள்மீது உங்களுக்கு மட்டும் எரிச்சல் இல்லை. உலகம் முழுக்க அந்தப் பாத்திரத்தைத் திட்டி இணையத்தில் பக்கங்கள் நடந்தன. அந்த வெறுப்பு தன் மேலேயே திரும்பியதைப் பற்றி, நடித்த அன்னா கன் 2013 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸில் கட்டுரை எழுதும் அளவுக்குப் போனது. ஸ்கைலர் என்ன தப்பு செய்தாள்? பொய் சொல்கிற புருஷனிடம் எங்கே போனாய் என்று கேட்டாள். ஆனால் நாம் வால்டரின் வேலைக்குள் உட்கார்ந்திருக்கிறோம். அந்த வேலைக்குக் குறுக்கே யார் வந்தாலும் நமக்கு அது இடைஞ்சல். அவள் உள்ளே வரும் நேரமெல்லாம் ஒரு திட்டம் பாதியில் நிற்கிறது. ஆரம்ப சீசன்களில் அவளுக்கென்று தனியாக வைத்த காட்சிகளும் குறைவு. இதுவரைக்கும் எடிட்டராகச் சொல்கிறேன். மீதி, பெண் கேள்வி கேட்டால் “நொச்சு நொச்சுன்னு” என்று சொல்லும் நம் பழக்கம். எது எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஹாங்க் என்கிற போதைத் தடுப்பு அதிகாரியும் அதே மாதிரி குறுக்கே வருகிறவர்தான், அவர்மீது இத்தனை வெறுப்பு வந்ததாக நான் பார்க்கவில்லை. எரிச்சல் வந்ததற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன், அது எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இனி அம்மா. ‘எதிர்நீச்சல்’ சன் டிவியில் 2022இல் தொடங்கி 2024இல் முடிந்தது, ‘கோலங்கள்’ எடுத்த திருச்செல்வம் இயக்கியது. படித்த பெண்களாகப் பார்த்து வீட்டுக்கு மருமகளாகக் கொண்டுவந்து அடுப்படியில் நிறுத்திவிடுகிற மதுரைப் பக்கத்து ஆள்தான் குணசேகரன். தினசரி சீரியலில் ஒரு எபிசோட் இருபது நிமிடம் சொச்சம். வாரம் முழுக்க ஓட்ட வேண்டும், ரேட்டிங் வாராவாரம் வந்து கழுத்தில் உட்காரும். அதனால் ஒரு அறை விழுந்தால் வீட்டில் இருக்கும் அத்தனை பேர் முகத்துக்கும் ஒரு ரியாக்‌ஷன், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆர்.ஆர்., அதாவது பின்னணி இசை. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், வெட்டுகிற நாங்களும் சிரிப்போம். ஆனால் கவனியுங்கள், அந்த ரியாக்‌ஷன்களில் பாதிக்கு மேல் மருமகள்கள் முகம். அடி வாங்கினவர்களின் முகத்துக்கு அங்கே நேரம் இருக்கிறது. எமிலியோவுக்குக் கிடைக்காத நேரம். அதனால் அம்மா ஒருநாளும் குணசேகரனுக்குள் போய் உட்கார்ந்ததில்லை. அவர் ஜனனியோடும் நந்தினியோடும் அடுப்படியில் நின்றுகொண்டு, இவன் எப்போது வாங்கிக் கட்டிக்கொள்வான் என்று காத்திருக்கிறார். சீரியல்காரர்கள் அந்த நாளை ப்ரோமோவில் காட்டிவிட்டு வாரக்கணக்கில் தள்ளிப்போடுவார்கள். அம்மாவின் திட்டு எல்லாம் வட்டியோடு ஏறிக்கொண்டே போகும்.

இதை எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் கண்ணால் பார்க்கலாம். கொழுந்து எடுத்துவிட்டு வந்து, இடுப்பில் கட்டிய படுதாவை அவிழ்த்துக் காயப்போட்டு, கட்டங்காப்பியும் வர்க்கியுமாக உட்கார்வார்கள். ஐப்பசி மழையில் டிஷ் சிக்னல் போய்ப் படம் கட்டம் கட்டமாக உடையும், ஆனாலும் குணசேகரன் குரல் வந்தால் போதும், பதிலுக்கு டிவியைப் பார்த்தே பேசுவார்கள். “இதே மாதிரிதான்டி எங்க ரைட்டர் இருந்தாரு” என்று தோட்டத்துக் கணக்கரைப் பற்றி ஒரு அக்கா ஆரம்பித்தால் கதை சீரியலை விட்டு எங்கோ போய்விடும். தோட்டத்தில் யாருக்கு முன்னால் வாய் திறக்க முடியாதோ அவரை வீட்டில் உட்கார்ந்து திட்டுகிறார்கள். இது அந்தப் பாத்திரத்தைப் பிடித்திருக்கிறது என்பதற்கு நேர் எதிர்.

ஆனால் இன்னொன்றும் கலந்திருக்கிறது, அதையும் சொல்லாவிட்டால் பாதி உண்மையாகிவிடும். குணசேகரனாக நடித்த மாரிமுத்து அவர்களின் குரலும் இழுவையும் எல்லோருக்கும் பிடித்திருந்தது. “இந்தாம்மா ஏய்” என்றதும் குழந்தைகூடத் திரும்பிப் பார்க்கும். 2023 செப்டம்பர் 8ஆம் தேதி அவர் திடீரென்று காலமானார். அந்த வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார், நல்ல நடிகர், மீசையிலும் மிரட்டலிலும் குறைவில்லை. இருந்தும் பலருக்கு மனசு ஒட்டவில்லை. அதே அதிகாரம், அதே மருமகள்கள், அதே வீடு. ஜனங்களுக்குப் பிடித்தது குணசேகரன் செய்த கொடுமை என்றால், யார் செய்தாலும் பிடித்திருக்க வேண்டும். பிடித்தது ஒரு நடிகர் வசனத்தைக் கையாண்ட விதம். உங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள்.

அவர் வாதத்தில் உண்மையே இல்லையா என்றால், கொஞ்சம் இருக்கிறது. திரையில் ஒரு கொலைகாரனுக்காகப் பதறுவதால் நீங்கள் கொலைக்குச் சம்மதம் சொன்னதாகாது, இது உறுதி. அந்தப் பதற்றம் வேலை செய்வதே அது தப்பு என்று உங்களுக்குத் தெரிவதால்தான். தப்பென்றே தோன்றாத ஆளுக்கு ஜேன் காட்சியில் எந்தப் பதற்றமும் வராது. ஆனால் பாத்திரத்தின் நடை உடை வெளியே வந்து நடமாடுவதை நானே பார்த்திருக்கிறேன். கோத்தகிரி மார்க்கெட்டில் ஒரு கடைக்காரர் கல்லாவிலிருந்து மனைவியை “இந்தாம்மா ஏய்” என்று கூப்பிடுவார். முதல் தடவை அந்த அம்மா சிரித்தார், கடையில் நின்றவர்களும் சிரித்தார்கள். பிறகொரு நாள் போனபோதும் அதே கூப்பாடு, அந்த அம்மா சாமானைப் பொட்டலம் கட்டிக்கொண்டே இருந்தார், நிமிரவில்லை. சீரியல்தான் அவரை அப்படி ஆக்கியது என்று சொல்ல மாட்டேன். ஏற்கெனவே உள்ளே இருந்ததற்கு ஒரு வேடிக்கையான குரல் கிடைத்துவிட்டது என்பது என் ஊகம், ஊகமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

மலைக்காரர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும் என்று நினைக்கிறேன். பச்சைத் தேயிலை வாங்கும் ஏஜென்ட் ஒருவர், மழை நாளில் தண்ணி இலை என்று சொல்லி எடையில் தாராளமாகக் கழிப்பார். அதே மனிதர், ராத்திரி பத்து மணிக்குப் பிரசவ வலி என்றால் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஊட்டி ஆஸ்பத்திரிக்கு விடுவார், டீசல் காசு கேட்க மாட்டார். அவர் நல்லவரா கெட்டவரா என்று ஊரில் யாரையும் கேட்டுப் பாருங்கள், முழுசாக ஒரு பக்கம் பேச மாட்டார்கள். ஜீப்பை நினைத்து எடையை மன்னிக்கவும் மாட்டார்கள், எடையை நினைத்து ஜீப்பை மறக்கவும் மாட்டார்கள். சின்ன ஊரில் நாளைக்கும் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். நல்ல தொடர்கள் நம்மை இந்த நிலையில்தான் வைக்கின்றன. மோசமான தொடர் ஜீப்பை மட்டும் காட்டும், எடை போடுகிற இடத்தில் கேமராவைத் திருப்பிக்கொள்ளும். கழித்தது யாருடைய இலை, அந்த வீட்டில் அன்றைக்கு என்ன சமைத்தார்கள் என்று ஒரு காட்சியாவது இருக்கிறதா என்றுதான் நான் எந்தத் தொடரிலும் தேடுவேன்.

நடைமுறைக்கு வருகிறேன். நேரம் இருந்தால் ஜேன் காட்சியைச் சத்தத்தை நிறுத்திவிட்டு இன்னொரு தடவை பாருங்கள், எந்த முகம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மட்டும் கவனியுங்கள். அதைவிட முக்கியம், ஐந்தாம் சீசன் நான்காவது எபிசோட். வால்டரின் 51ஆவது பிறந்தநாள், வீட்டில் விருந்து. அவர் தன் நோயைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே ஸ்கைலர் எழுந்துபோய் உடுத்திய உடையோடு நீச்சல் குளத்துக்குள் இறங்குகிறாள். அன்று ராத்திரி படுக்கையறையில் நடக்கும் வாக்குவாதத்தில், உன் புற்றுநோய் திரும்பி வருவதற்காகக் காத்திருக்கிறேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். அந்தக் காட்சி முழுக்க அவளுடையது. ஸ்கைலர் மேல் உள்ள எரிச்சல் அதற்கப்புறமும் அப்படியே இருந்தால் கீழே எழுதுங்கள், பேசலாம்.

அம்மாவைப் பொறுத்தவரை எந்தக் கவலையும் வேண்டாம். ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்று 2024 டிசம்பரில் இரண்டாம் பாகமும் தொடங்கியது. அதையும் பிடித்துக்கொண்டிருந்தார் என்றால், சண்டை வரும் நேரத்தில் மட்டும் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவர் யாரைத் திட்டுகிறார் என்று காது கொடுத்துக் கேளுங்கள், அதில் பாதி பெயர் சீரியலில் இருக்காது.